டெல்டாவில் காட்டுயிர் எதிரே வந்தால்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர்ப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் என்னிடம் கேட்பது, "இங்கே காடே இல்லையே, விலங்கு எங்கிருந்து வரப்போகிறது?" என்பதுதான். கோடியக்கரையையும் முத்துப்பேட்டையின் அலையாத்தி எனும் சதுப்புநிலக் காட்டையும் விட்டால், காடு என்று விரல் நீட்டிக் காட்ட இங்கே அதிகம் இல்லை என்பது உண்மை. ஆனால் வரப்பும், வாய்க்கால் கரைக் கோரையும், கொள்ளிடப் படுகையின் நாணலும் மூங்கிலும், களத்துமேட்டு வைக்கோல் போரும்தான் எங்கள் காடு. கீரி, காட்டுப்பூனை, நரி, உடும்பு, நீர்நாய், கண்ணாடி விரியன், முதலை எல்லாம் அதற்குள் எங்களோடு வாழ்கின்றன. மலைக்காட்டில் விலங்கைத் தேடி நாம் போகிறோம். இங்கே பால் வாங்கப் போகிற வழியில் அது குறுக்கே வந்து நிற்கிறது. அதனால் இந்தப் பக்கம் தங்க வருகிற எவருக்கும், பறவை பார்க்கவோ படம் எடுக்கவோ வருகிறவருக்கும், சில பழக்கங்கள் முன்கூட்டியே கைவர வேண்டும்.

1. தண்ணீர்க் கணக்கு

எந்த உயிர் எந்த மாதம் எங்கே இருக்கும் என்பதை இங்கே முடிவு செய்வது தண்ணீர். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கும். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்கால்களில் ஏறும்போது, காய்ந்த கரைகளின் வளைகளில் ஒடுங்கிக் கிடந்த பாம்பும் ஆமையும் மேட்டுக்கு வரும். அந்த வாரங்களில் கரையோரம் நடப்பவரின் கண் தரையில் இருக்க வேண்டும். குறுவை அறுவடையும், தை மாசியில் சம்பா அறுவடையும் எலிக்காலம். எலியின் பின்னே சாரையும் நல்ல பாம்பும் காட்டுப்பூனையும் ஆந்தையும் வயலில் இறங்கும். அறுவடை இயந்திரம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியாக மிஞ்சும் துண்டு நிலத்தில் அத்தனையும் ஒதுங்கி நிற்கும். இயந்திரம் அங்கேயும் நெருங்கியதும் நாலா பக்கமும் பாயும். வேடிக்கை பார்க்க அந்தத் துண்டையொட்டிய வரப்பில் நிற்காதீர்கள். சாலையில் நில்லுங்கள், எல்லாமே கண்ணில் படும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வயல் மூழ்கினால், அங்கிருந்த பாம்புகள் வீட்டு வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் வரும். அதே பருவத்தில் தொடங்கி மாசி வரை வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஏரிகளில் பறவைகள் நிறையும். சித்திரையில் ஆறு மணலாகி மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, மீனும் அதைத் தின்னும் நீர்நாயும் முதலையும் அந்த மடுக்களில் கூடிவிடும். பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை, ஆபத்துக்கும் அதுவே உச்ச காலம்.

2. உடன் எடுத்துச் செல்ல

கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், நல்ல டார்ச், ஆளுயரக் கழி, தண்ணீர், முழுதாகச் சார்ஜ் ஏறிய கைப்பேசி. உடை மண்ணின் நிறத்தில் இருக்கட்டும். கழி அடிப்பதற்கு அல்ல. முன்னால் இரண்டடி தூரம் தரையைத் தட்டிக்கொண்டு நடப்பதற்கு. பாம்புக்குக் காற்றில் வரும் பேச்சைவிடத் தரையில் வரும் அதிர்வு நன்றாகத் தெரியும்.

3. நிற்கப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விலங்கு தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறது என்றால், நீங்கள் வரவேண்டிய தூரத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள். எத்தனை மீட்டர் என்று புத்தகக் கணக்கு சொல்ல முடியாது. மேய்கிற மான் தலை தூக்கினால், மீன் தின்கிற நீர்நாய் கழுத்தை நீட்டி நிமிர்ந்தால், கொக்குக் கூட்டத்தில் நாலு கழுத்து ஒரே நேரத்தில் உங்கள் பக்கம் திரும்பினால், அங்கேயே நின்றுவிடுங்கள். அது மறுபடி தன் வேலைக்குத் திரும்பவில்லை என்றால் இரண்டு அடி பின்னால் வாருங்கள். குறுக்காகவோ முதுகு காட்டியோ அவசரமாக ஓடாதீர்கள்.

இதை நான் நீர்நாயிடம்தான் கற்றேன். கொள்ளிடத்தில் ஒரு மடுவின் கரையில், மாசி மாதக் கருக்கலில், முதல் முறை அவற்றைப் பார்த்தபோது படம் எடுக்கும் ஆசையில் மணல் திட்டில் பத்து அடி கூடுதலாக இறங்கிவிட்டேன். சீழ்க்கை போல ஓர் ஒலி வந்தது. தண்ணீரில் வளையங்கள் மட்டும் மிச்சம். பிறகு இரண்டு ஆண்டுகள் அதே மடுவுக்குப் போயும் எச்சத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்த எச்சத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கரையோரக் கல்லிலோ மணல் மேட்டிலோ, மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து, கவுச்சி வாடையோடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிடக்கும். அதைப் பார்த்தால் அவற்றின் வழியைப் பார்த்துவிட்டீர்கள்.

மூன்றாம் ஆண்டு முறையை மாற்றினேன். எச்சம் கிடக்கும் திட்டுக்கு எதிர்க்கரையில், காற்று என் முகத்துக்கு வரும் பக்கமாக, மூங்கில் குத்தோடு குத்தாக விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்தேன். கரை மேட்டில், தண்ணீரை விட்டு நன்றாகத் தள்ளித்தான் உட்கார்ந்தேன். அதன் காரணத்தை முதலைப் பகுதியில் சொல்கிறேன். ஆறு நாட்கள் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் ஐந்து நீர்நாய்கள் ஏறி வந்தன. ஒன்று விரால் மீனை முன்கால்களால் பிடித்துத் தலையிலிருந்து கடித்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. குட்டிகள் மணலில் புரண்டு முதுகைத் துவட்டிக்கொண்டன. அரை மணி நேரம் அவை என்னை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

4. பாம்பு

டெல்டாவில் உயிரைப் பறிக்கும் எதிர்ப்படல் என்றால் அது பெரும்பாலும் பாம்புதான். நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். நல்ல பாம்பு படம் எடுக்கும். கண்ணாடி விரியன் தடித்த உடலில் சங்கிலி கோத்ததுபோல் நீள்வட்டத் திட்டுகளோடு இருக்கும். நெருங்கினால் குக்கர் ஆவி விடுவதுபோல் நீளமாகச் சீறும். கட்டு விரியன் மினுங்கும் கறுப்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் கொண்டது, இரவில் உலவும். சுருட்டை சிறியது, வறண்ட மேட்டு நிலத்துக்காரன். சாரையும் தண்ணீர்ப் பாம்பும் விஷமற்றவை. சாரையை நல்ல பாம்பின் ஜோடி என்று அடித்துக் கொல்வது இன்னும் நிற்கவில்லை. அது தவறு, இரண்டும் வேறு வேறு இனம். வயலில் எலியைக் குறைக்கும் உழவனின் கூட்டாளியை உழவனே அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

எதிரே பாம்பைப் பார்த்தால் நில்லுங்கள். அது எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று பாருங்கள். வரப்பில் அதன் வழியை நீங்கள் அடைத்துக்கொண்டிருந்தால், மெல்லப் பின்னால் நடந்து வழி விடுங்கள். சாரை மின்னலாய் ஓடிவிடும். கண்ணாடி விரியன் ஓடாது, சுருண்டு கிடக்கும். நகரவில்லை, தூங்குகிறது என்று நினைத்து அதைத் தாண்ட முயல்பவர்கள்தான் கடிபடுகிறார்கள். சுற்றிக்கொண்டு அடுத்த வரப்பில் போங்கள். இரவில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள். மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது எளிது, ஆனால் பதற்றத்தில் மறந்துபோகும். கடிபட்டவரைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டி, வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். கடிபட்ட கால் அல்லது கையை ஒரு கட்டையோடு சேர்த்து ஆடாமல் கட்டுங்கள். அசையாமல் இருக்க மட்டுமே அந்தக் கட்டு, ரத்தத்தை நிறுத்த அல்ல. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது மூன்றும் கூடவே கூடாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். பாம்பைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். இந்த நான்கு பாம்புகளுக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான், அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறது. அந்த மருந்து செய்ய வேண்டிய நஞ்சை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் நம் இருளர் மக்கள். 1978ஆம் ஆண்டு தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அதைச் செய்துவருகிறது. நச்சுமுறி ஏற்றிக்கொண்டு எழுந்து வருபவர்கள் அவர்களுக்கு ஒரு நன்றியை மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கட்டு விரியன் கடி தனிக் கதை. வலிக்காது, தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, பிறகு இமை தானாகத் தொங்குவது, வார்த்தை குழறுவது. தரையில் படுத்து எழுந்தவருக்கு இப்படி வந்தால் அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

எங்கள் தெருவில் நாற்று பறிக்கப் போன ஓர் அக்காவைக் கண்ணாடி விரியன் கடித்தது. முதலில் வேப்பிலை அடிப்பவரிடம் கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் அங்கே போயிற்று. மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் வைத்துப் பார்த்தபோது அது உறையவே இல்லை. மருந்து ஏற்றியும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பல நாட்கள் டயாலிசிஸ் செய்த பிறகே பிழைத்தார். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக, அதாவது மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. ஆனால் கடிபட்ட வீட்டில் முதல் பத்து நிமிடத்தில் எடுக்கும் முடிவை எந்த அரசாணையும் எடுத்துத் தராது.

5. கொள்ளிடத்து முதலை

அணைக்கரையிலும் அதற்குக் கீழே கடலை நோக்கிப் போகும் கொள்ளிடத்திலும், சிதம்பரம் பக்கப் பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் இருக்கின்றன. ஆற்றில் வெள்ளம் வரும்போது அவை பிரிவு வாய்க்கால்களுக்கும் குளங்களுக்கும் ஏறிவிடும். சிதம்பரம் பக்கம் பிடிபடுபவற்றை வனத்துறையினர் வக்காரமாரி ஏரியில் விடுவது வழக்கம். மனிதர்களும் ஆடு மாடுகளும் பலியான ஊர்கள் இந்தக் கரையில் உண்டு. ஆகவே எச்சரிக்கைப் பலகையை அலங்காரமாக நினைக்காதீர்கள்.

பார்க்க விரும்பினால் மார்கழி, தை மாதக் காலை 8 மணிக்கு மேல் பாலத்தின் மேலிருந்து மணல் திட்டுகளைப் பாருங்கள். குளிர்ந்த உடம்பைச் சூடாக்க வெயிலில் கிடக்கும், சூடு மிஞ்சாமலிருக்க வாயைப் பிளந்துகொள்ளும். அது காட்டும் கோபமல்ல அது, வெயில் காய்கிற முறை. கீழே இறங்கினால் மணலில் வால் இழுபட்ட கோடும் அதன் இருபுறமும் விரல் தடமும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் திரும்பிவிடுங்கள்.

ஆற்றோரம் எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரின் விளிம்பில் குந்தாதீர்கள். குந்தி உட்கார்ந்த மனிதன் முதலையின் கண்ணுக்கு ஆட்டின் உயரம்தான். கால் கழுவுவது, பாத்திரம் கழுவுவது, தூண்டில் போடுவது எல்லாம் இதில் அடக்கம். மாலை மங்கிய பிறகு ஆற்றில் இறங்கவே வேண்டாம். மாசி பங்குனியில் மணல் கரையில் முட்டையிட்டுத் தாய் காவல் இருக்கும், மணலைத் தோண்டிய தடம் கண்டால் விலகுங்கள். கோடையில், "இந்த மடுவில் இடுப்பளவு தண்ணீர்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரு முதலை மறைந்து கிடக்கப் போதும்.

6. கதண்டு

வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். பனை, தென்னை உச்சியில் பெரிய மண்பானை கவிழ்த்ததுபோல் கூடு கட்டும் பெரிய குளவி. ஒன்றிரண்டு கொட்டினாலே உயிர் துடிக்கும், கூட்டமாகக் கொட்டினால் ஆள் போய்விடுவார். டெல்டாவில் இதனால் இறப்புகள் நடக்கின்றன. கூடு இருக்கும் மரத்தடியில் புகை போடாதீர்கள், மட்டை வெட்டாதீர்கள், கல் எறிகிற பிள்ளைகளைத் தடுங்கள். கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி, கதவு உள்ள இடத்துக்குள் புகுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தால் வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கூட்டை அகற்றத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள், அவர்கள் இரவில் வந்து எரிப்பார்கள்.

7. கோடியக்கரை

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பஸ்ஸிலேயே போய்விடலாம். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், 2002 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற்று, விடிந்ததும் உள்ளே போங்கள். திறந்த புல்வெளியில் வெளிமான்கள் மேயும். முறுக்கிய கொம்போடு கறுத்து நிற்பது கிடா. பெட்டைக்குக் கொம்பில்லை. வண்டியில் இருக்கும்போது நிதானமாக மேயும் மான், நீங்கள் இறங்கி நின்ற மறுகணம் ஓடும். அதனால் இறங்காதீர்கள். புல்லில் தனியே அசையாமல் கிடக்கும் குட்டியைக் கண்டால் அது கைவிடப்பட்டதல்ல. தாய் அதைப் படுக்க வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. தொடாமல், சுற்றி நிற்காமல் கடந்துபோங்கள்.

இங்கே திரியும் குதிரைகள் ஒரு காலத்தில் வீட்டுக் குதிரைகளாக இருந்து காட்டுக்குப் போனவற்றின் வழிவந்தவை. வண்டிக் குதிரைபோல் தட்டிக்கொடுக்கலாம் என்று பின்புறமாகப் போனால் உதைபடுவீர்கள். குரங்குகளுக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ, குரங்கானாலும் நரியானாலும் நாயானாலும், சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள். எல்லாத் தவணைகளையும் முடியுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. வெளிமான்களும் குதிரைகளும் செத்து மிதந்தன, காடே மொட்டையானது. இப்போது நீங்கள் பார்க்கிற கூட்டம் அதிலிருந்து மீண்டு வந்தது. ஹாரன் அடிக்க நினைக்கும் கை அதையும் நினைக்கட்டும்.

8. முத்துப்பேட்டையும் கடற்கரையும்

அலையாத்திக்குள் போக ஜாம்பவானோடைப் பக்கமிருந்து படகு உண்டு. வனத்துறை அனுமதியோடு போங்கள். படகோட்டியிடம், "அண்ணே, மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நிறுத்துவார்கள். அந்த அமைதியில்தான் சேற்றில் நண்டு தேடும் நரியும், கிளை நுனியில் மீன்கொத்தியும் வெளிப்படும். படகிலிருந்து சேற்றில் குதிக்காதீர்கள். இடுப்பு வரை இழுக்கும் சேறு, மூச்சுவேர்கள் காலைக் கிழிக்கும்.

நாகப்பட்டினம் கடற்கரையில் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். பார்க்கக் கிடைத்தால் டார்ச்சையும் கைப்பேசித் திரையையும் அணையுங்கள். தாய் குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும் வரை அதன் கண் முன்னே போகாதீர்கள். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளுக்கும் வெளிச்சம்தான் எமன். கடலின் மினுமினுப்பை நோக்கி ஓட வேண்டியவை தெருவிளக்கை நோக்கி ஓடிச் சாகும்.

9. அடிபட்டதும், அறையில் புகுந்ததும், வதந்தியும்

கிணற்றில் விழுந்த நரி, வீட்டில் புகுந்த உடும்பு, சாலையில் அடிபட்ட மயில், எதுவானாலும் முதல் வேலை கூட்டத்தை விலக்குவது, இரண்டாவது வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்வது. வீட்டில் வைத்து வளர்க்கும் எண்ணம் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகருக்குள் ஒரு சிறுத்தை வந்தது. நாட்கணக்கில் தேடினார்கள். அந்த நாட்களில் பார்த்த காட்டுப்பூனையெல்லாம் சிறுத்தையாக்கப்பட்டு கைப்பேசிகளில் பறந்தது. அப்படி ஒரு செய்தி வந்தால் பிள்ளைகளையும் ஆடுகளையும் இருட்டுவதற்குள் உள்ளே சேருங்கள், தேடிக்கொண்டு கூட்டமாகக் கிளம்பாதீர்கள், வந்த படத்தை மற்றவர்க்கு அனுப்பாதீர்கள். தடம் பார்த்தால் அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து வனத்துறையிடம் மட்டும் கொடுங்கள்.

10. எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு போதும். நாள், நேரம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு, எத்தனை உயிர், என்ன செய்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள். இரண்டு ஆண்டு எழுதினால் உங்கள் ஊர் வாய்க்காலைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். குட்டி போட்ட இடம், கூடு உள்ள மரம், ஆமை ஏறும் திட்டு இவற்றின் பெயரை மட்டும் பொதுவில் பகிராதீர்கள். போன மாசியில் நான் எழுதியது இது: "காலை 6.20. கொள்ளிடம், தென்கரை. வாடைக்காற்று முகத்தில். நீர்நாய் ஏழு, மூன்று குட்டி. விரால் ஒன்று, கெண்டை இரண்டு. 7.05க்குத் தாமாகவே போயின."